டெக்குக்கு மேல் டெக் வேண்டாம்

கேள்வி சுருக்கமாக இது: கொழும்பு முகத்துவாரத்தில் நிற்கும் அப்பாவின் பழைய 28 அடி ஃபைபர் மீன்பிடி போட். ஐஸ் பெட்டி வாய்க்குப் பக்கத்தில் கால் வைத்தால் டெக் அமுங்குகிறது. முன்பு நாலு நாள் நின்ற ஐஸ் இப்போது இரண்டாம் நாளே தண்ணீராகிறது. பார்த்த பாஸ் (போட் வேலை செய்யும் மேஸ்திரி), பழைய டெக்கின் மேலேயே புதுப் பிளைவூட் போட்டு ஃபைபர் அடித்துவிடலாம், அதோடு பெட்டியையும் ஒன்றரை அடி நீட்டிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

செய்ய வேண்டாம் தம்பி, இரண்டையுமே. டெக்கைத் திறந்துதான் வேலை செய்ய வேண்டும். பெட்டி இருக்கும் அளவிலேயே இருக்கட்டும், இன்னும் சொன்னால் உள்ளளவு கொஞ்சம் குறையட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

உங்களுக்கு இரண்டு வருத்தம் மாதிரித் தெரிகிறது, ஆனால் வியாதி ஒன்றுதான். ஃபைபர் அழுகாது. அதற்குள் இருக்கும் பலகைதான் அழுகும். ஃபைபர் வழியாகத் தண்ணீர் உள்ளே போவது அபூர்வம். போட் கட்டி முடிந்த பிறகு யாரோ போட்ட துளைகள் வழியாகத்தான் போகும். கயிறு கட்டும் குற்றி, வலை இழுக்கும் இயந்திரத்தின் கால், பெட்டி மூடியின் பிணைச்சல், என்றோ கழற்றிய லைட் கம்பத்தின் நாலு ஓட்டை, எல்லாம் பலகையின் வெட்டு முனைக்குத் திறந்த வாசல். அதிலும் கடல் தண்ணீரைவிட மழைத் தண்ணீர்தான் கூடக் கெடுதல் செய்யும். உப்பு பூஞ்சணத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்கும், மழைத் தண்ணீர் அப்படி அடக்காது. சோளகக் காலத்தில் (தென்மேற்குப் பருவக்காற்றில்) மாதக்கணக்காகத் தொழிலுக்குப் போகாமல், தண்ணீர் வழியும் துவாரங்கள் குப்பையில் அடைபட்டு, டெக்கில் மழை தேங்கி நிற்கும் போட்தான் சீக்கிரம் அழுகும்.

பெட்டியிலும் இதே கதைதான். தடுப்புப் பலகை செருகுவதற்காக உட்சுவரில் மரச்சட்டம் வைத்து ஆணி அடித்திருப்பார்கள். ஒவ்வொரு ஆணியும் உள் ஃபைபரைத் தாண்டி ஃபோமுக்குள் போகிறது. ஐஸ் கரைந்த தண்ணீரும் மீன் இரத்தமும் அந்த வழியாகவே உள்ளே இறங்குகிறது. ஃபோம் குளிரைப் பிடிப்பது அதற்குள் அடைபட்ட வாயுவால். அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்தால், ஃபோமைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும் ஒரு பொருளைச் சுவருக்குள் நிரப்பி வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நம்பாவிட்டால் பெட்டியின் வெளிச்சுவரில், ஆகக் கீழே, ஒரு சிறு துளை போட்டுப் பாருங்கள். கபில நிறத்தில் நாற்றத் தண்ணீர் ஒழுகினால் வேறு சோதனை தேவையில்லை.

இப்போது பாஸ் சொன்ன முறையைக் கணக்குப் பார்ப்போம். 12 மில்லிமீற்றர் பிளைவூட் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 7 கிலோ. அதன்மேல் இரண்டு மெட்டும் (கண்ணாடி நார் விரிப்பு) ஒரு ரோவிங்கும் (நெய்த கண்ணாடி நார்த் துணி) அவற்றைப் பிணைக்கும் ரெசினோடு சேர்த்து இன்னொரு 4 கிலோ. பத்துச் சதுர மீற்றர் டெக் என்றால் 110 கிலோ. கீழே ஊறிக் கிடக்கும் பழைய பலகையின் பாரமும் அப்படியே இருக்கும். இரண்டு ஆட்கள் எப்போதும் டெக்கில் நின்றுகொண்டிருப்பது போல. அத்தனை பாரமும் மேலே, போட்டின் உறுதிக்கு ஆகாத இடத்தில். அழுகல் நிற்கவும் நிற்காது. மேலே மூடிவிட்டதால் ஈரம் வெளியே போக வழியில்லாமல், டெக்கைத் தாங்கும் மரங்களான குறுக்கு வளைகளுக்குப் பரவும்.

இந்த 28 அடி, மூன்றரைத் தொன் போட்டுகளின் பிறப்பையும் நினைவில் வையுங்கள். 1950களில் தொழில் இயந்திரமயமானபோது, ஒரு நாளைக்குள் போய்த் திரும்புகிற தொழிலுக்காக வந்த அளவு இது. 1980களில்தான் இவற்றுக்குள் ஐஸ் பெட்டி கட்டி நாட்கணக்கில் கடலில் நிற்கத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகுதான் 34 அடியும் அதற்கு மேலும் பலநாள் போட்டுகள் வந்தன. ஆக, பெட்டி என்பதே இந்த உடம்பில் பிறகு ஏற்றிய சுமை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் தட்டிப் பாருங்கள். சின்னச் சுத்தியலின் பிடிப்பக்கமோ ஐந்து ரூபாய் நாணயமோ போதும். நல்ல இடம் ‘டக்’ என்று இறுக்கமாகச் சொல்லும், செத்த இடம் ‘பொத்’ என்று சொல்லும். சத்தம் மாறும் கோட்டைச் சுண்ணக்கட்டியால் வரைந்துகொண்டே போங்கள். அமுங்கும் இடத்தைவிட அழுகிய இடம் எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும். துளை கண்ட இடத்திலெல்லாம் ஒரு வட்டம் போடுங்கள். அந்த வரைபடத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துவிட்டுத்தான் கிரைண்டரைத் தொட வேண்டும்.

வெட்டுவதற்கு முன்னால் ஒரு விஷயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. டெக் என்பது நடக்கிற தளம் மட்டுமல்ல, போட்டின் இரண்டு பக்கங்களையும் பிடித்து வைத்திருப்பதும் அதுதான். அதை எடுத்தவுடன் பழைய ஃபைபர் உடம்பு விரியும், முறுகும். விரிந்த நிலையில் புது டெக்கை ஒட்டினால் அந்தக் கோணல் நிரந்தரமாகிவிடும். ஆகவே விளிம்புக்கு விளிம்பு மூன்று நாலு இடத்தில் குறுக்காக மரம் வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். அணியத்திலிருந்து (முன்முனையிலிருந்து) பின்மூலைகள் இரண்டுக்கும் நாடா பிடித்து அளந்து எழுதி வையுங்கள். ஏராவின் (போட்டின் அடித்தண்டின்) கீழ் முட்டு நிறைய இருக்கட்டும். வெட்டிய பிறகும், ஒட்டுவதற்கு முன்பும் அதே அளவைத் திரும்பப் பாருங்கள்.

மேல் ஃபைபரை விளிம்பிலிருந்து மூன்று அங்குலம் விட்டு வெட்டி எடுங்கள், அந்த ஓரம்தான் புது ஃபைபர் ஒட்டிப் பிடிக்கும் இடம். ஓரத்தைச் சரிவாக அராவ வேண்டும். கனத்தின் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவு இருந்தால் நல்லது. 6 மில்லிமீற்றர் ஃபைபருக்கு அது மூன்று அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பழைய ஃபைபரோடு புதிய ரெசின் இரசாயனமாக ஒன்றாகாது, கரடுமுரடைப் பற்றிக்கொண்டுதான் நிற்கும். அதனால் 36 அல்லது 40 நம்பர் மணல் தாளால் வெள்ளை வெளேரென்று கண்ணாடி நார் தெரியும்வரை தேயுங்கள். ஆனால் தேய்க்குமுன் கழுவ வேண்டும். டீசலும் மீன் எண்ணெயும் ஊறிய ஃபைபரை முதலில் தேய்த்தால் எண்ணெய் இன்னும் ஆழமாக இறங்கும். சவர்க்காரத்தூளும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, காய்ந்த பிறகுதான் கிரைண்டர். கண்ணாடித் தூளுக்கு நல்ல முகக்கவசம் போடுங்கள். முகத்தில் கட்டும் சாரம் துண்டால் ஒரு பிரயோசனமும் இல்லை.

டெக்கைத் திறந்ததும் குறுக்கு வளைகளைப் பாருங்கள், முக்கியமாக அவை பக்கச்சுவரில் போய் முட்டும் முனைகளை. நடுவில் நன்றாக இருக்கும் வளை முனையில் பஞ்சாக இருக்கும். கூரான ஆணியைக் குத்திப் பார்த்தால் தெரியும். மாற்றுவதாக இருந்தால் சாவண்டலை, தேக்கு, முதிரை எதுவும் ஆகும். எனக்குப் பிடித்தது சாவண்டலைதான், சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். வளைந்து கொடுக்கும், சீக்கிரம் அழுகாது. திருகோணமலை மரம் என்று ஒரு காலத்தில் கடல் தாண்டியும் பேர் எடுத்தது இதுதான்.

பிளைவூட் வாங்கக் கொழும்பில் பழைய சோனகத் தெருவுக்குப் போனால் ‘மரைன்’ என்று முத்திரை குத்திய பலகை பல விலையில் கிடைக்கும். முத்திரையை நம்ப வேண்டாம். மரைன் பிளைவூட்டுக்கான பிரித்தானியத் தரமான பிஎஸ் 1088இல் வந்ததா என்று கேளுங்கள், ஒரு துண்டு வாங்கிவந்து பானையில் மணிக்கணக்காகக் கொதிக்க வைத்துக் காய வையுங்கள். பசை விட்டுத் தாள் தாளாகப் பிரிந்தால் அது கட்டிலுக்கு ஆகும், போட்டுக்கு ஆகாது. வெட்டு முனையையும் பாருங்கள், நடுத் தாள்களில் இடைவெளி தெரிந்தால் தண்ணீர் ஓடுவதற்கு அதுவே வாய்க்கால்.

ஒட்டும்போது பலகையின் அடிப்பக்கத்துக்கும் நாலு விளிம்புக்கும் முதலில் ரெசின் பூசிக் காயவிடுங்கள். பிறகு வளைகளின் மேல் ஈர மெட் விரித்துப் பலகையை வைத்து, மணல் மூட்டை ஏற்றி அழுத்துங்கள். காற்றுக்குமிழ் நின்றால் அங்கேதான் அடுத்த அழுகல் தொடங்கும். மேலே ஒரு மெட், ஒரு ரோவிங், திரும்ப ஒரு மெட். மெட்டுக்கு அதன் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். தாராளமாக ஊற்றினால் பலம் கூடாது, நொறுங்கும் தன்மைதான் கூடும். பணம் கொஞ்சம் இருந்தால் சாதாரண ஓர்த்தோ ரெசினுக்குப் பதில் ஐசோ வாங்குங்கள், தண்ணீருக்கு நன்றாகத் தாக்குப் பிடிக்கும்.

கொழும்பு வெயிலில் ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னர் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் போக வேண்டியது பெரும்பாலும் வராது. டப்பாவில் எழுதியிருப்பதைப் பாருங்கள், காலையிலேயே வேலையை முடியுங்கள். ஒரு எச்சரிக்கை: ஹார்ட்னரையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. வெடிக்கும், தீப்பிடிக்கும். கோபால்ட்டை ரெசினில் கரைத்து முடித்த பிறகுதான் ஹார்ட்னர். ஹார்ட்னர் கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், ஆகவே கண்ணாடி கட்டாயம்.

டெக் நடுவில் கொஞ்சம் உயர்ந்து பக்கங்களுக்குச் சரிய வேண்டும். 8 அடி அகலப் போட்டுக்கு நடுவில் இரண்டு அங்குலம் உயர்வு போதும். பழைய டெக்குகள் பெட்டி வாயைச் சுற்றித்தான் குழிந்திருக்கும். நீங்கள் அமுங்குகிறது என்று சொல்லும் இடமும் அதுதானே.

அடுத்தது துளைகள். உண்மையில் முழு வேலையும் இதில்தான் இருக்கிறது. எந்தெந்தச் சாமான் எங்கே வரும் என்று டெக் போடுமுன்பே தீர்மானியுங்கள். இழுவை இயந்திரம், கயிற்றுக் குற்றி போன்ற பாரம் வாங்கும் சாமான் வரும் இடத்தில் பிளைவூட்டே வேண்டாம், அந்த அளவுக்கு வெட்டி எடுத்து முழுக்க ஃபைபரால் நிரப்பிவிடுங்கள். மற்ற இடங்களில், 10 மில்லிமீற்றர் போல்ட் என்றால் முதலில் 18 அல்லது 20 மில்லிமீற்றரில் துளை போட்டு, அடியை நாடாவால் அடைத்து, தூள் கலந்து கெட்டியாக்கிய எபொக்சியை மட்டமாக நிரப்புங்கள். இறுகிய பிறகு அதன் நடுவில் 10 மில்லிமீற்றர் துளை போடுங்கள். இப்போது போல்ட் எபொக்சிக் குழாய்க்குள் இருக்கிறது. சாமானுக்கு அடியில் தடவும் பசை என்றோ விட்டுப்போனாலும் தண்ணீர் கீழே சொட்டுமே தவிரப் பலகையைத் தொடாது. சொட்டினால் கண்ணுக்குத் தெரியும், அதுதான் நமக்கு வேண்டியது. சாமானுக்கு அடியில் சிக்காஃப்ளெக்ஸ் போன்ற பொலியூரித்தேன் பசை தடவுங்கள், குளியலறைச் சிலிக்கன் வேண்டாம். போல்ட்டை முதல் நாள் அரைகுறையாக இறுக்கி, பசை இறுகிய பிறகு முழுதாக இறுக்கினால் பசை எல்லாம் பிதுங்கி வெளியே போகாது. கீழே வாஷர் மட்டும் போதாது, அகலமான தகடு வையுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316 ரகம். அதுகூட ஈர மரத்துக்குள் காற்றுப் படாமல் புதைந்தால் அரிக்கும், அதற்கும் எபொக்சிக் குழாய்தான் மருந்து.

இனிப் பெட்டி. உள்ளளவு 1.8 மீற்றர் நீளம், 1.5 அகலம், 1 மீற்றர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பக்கமும் சேர்த்து 12 சதுர மீற்றர். வெளியே 30 பாகை செல்சியஸ், உள்ளே 0. சுற்றிவர இரண்டு அங்குலம் காய்ந்த பி.யூ. (பொலியூரித்தேன்) ஃபோம் இருந்தால் சுவர் வழியாக வரும் வெப்பத்துக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 47 கிலோ ஐஸ் கரையும். நாலு அங்குலம் என்றால் அதில் பாதி, 23 கிலோ. ஃபோம் ஊறியிருந்தால் இரண்டு மூன்று மடங்கு எகிறும். மூடியைத் திறந்து மூடுவதும் மீனைக் குளிராக்குவதும் தனிக் கணக்கு. 100 கிலோ மீனை 28 பாகையிலிருந்து 0க்குக் கொண்டுவர மட்டுமே ஏறக்குறைய 30 கிலோ ஐஸ் போகும்.

ஆகவே பெட்டியை நீட்டுவதற்குப் பதில் சுவரைத் தடிப்பாக்குங்கள். இரண்டு அங்குலத்தை நாலாக்கினால் உள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு போகும். போகட்டும். முன்பு கரைந்து வீணாகப் போகவென்றே ஏற்றிய ஐஸுக்கு இனி இடம் தேவையில்லை. எஞ்சின் அறைப் பக்கச் சுவருக்கு ஆறு அங்குலம் கொடுங்கள், அந்தப் பக்கம்தான் ஆகச் சூடு. மேல்பக்கமும் அப்படித்தான், வெயிலில் டெக் காற்றைவிட எவ்வளவோ சுடும். அதனால் டெக்குக்கு வெளிர் நிறமே நல்லது. பச்சை அழகுதான், ஐஸ் விலை பச்சையைக் கேட்காது.

காசு மிச்சம் பிடிக்க ரெஜிபோம் (தெர்மோகோல்) வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் பொலியெஸ்டர் ரெசின் பட்டவுடன் ரெஜிபோம் கண்முன்னே கரைந்துபோகும், ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் அதைத் தின்றுவிடும். எபொக்சி பூசினால் கரையாது, ஆனால் அந்தச் செலவுக்கு பி.யூ. தகடே வாங்கிவிடலாம். ஊற்றுகிற ஃபோம் என்றால் ஒரேயடியாக ஊற்றாமல் அடுக்கடுக்காக ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் நடுவில் சூடேறிக் கருகும், சுவரையும் வயிறு தள்ள வைக்கும். ஊற்றும்போது வரும் ஆவி நுரையீரலுக்கு ஆகாது, பெட்டிக்குள் குனிந்து நின்று ஊற்றக்கூடாது. ஃபோம் வைத்த பிறகு பக்கத்தில் வெல்டிங்கும் வேண்டாம்.

உட்சுவரில் ஒரு ஆணிகூட இருக்கக்கூடாது. தடுப்புப் பலகைக்கான காடியை ஃபைபரிலேயே வார்த்துவிடச் சொல்லுங்கள். மூலைகள் உருண்டையாக இருக்கட்டும், சதுர மூலையில் இரத்தமும் செதிலும் தங்கும், கழுவ முடியாது. சூரை பிடிக்கிற போட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. 4 பாகைக்கு மேல் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் உண்டாகும், அதை ஐஸாலும் சமையலாலும் திரும்ப எடுக்க முடியாது. பேலியகொடை மீன் சந்தையில் விலை பேசுகிறவர் செவுளைத் தூக்கிப் பார்ப்பார், ஏற்றுமதிக்கு வாங்குகிறவர் ஆய்வுக்கூடத்துக்கே அனுப்புவார். அடிப்பக்கம் பின்னோக்கிச் சரிந்து ஒரு சின்னக் குழியில் முடியட்டும். கரைந்த தண்ணீர் அங்கே சேர்ந்து தனிப் பம்பால் வெளியே போக வேண்டும், எஞ்சின் அடிக்குள் திறந்துவிடக்கூடாது. மூடி சின்னதாக, கனமாக, ரப்பர் பட்டியோடு இருக்கட்டும். பெரிய பெட்டிக்கு ஒரு பெரிய வாயைவிட இரண்டு சின்ன வாய் மேல்.

பெட்டியை நீட்ட வேண்டாம் என்றதற்கு இன்னொரு காரணம், போட் நிமிர்ந்து நிற்க வேண்டும். இதை நீங்களே அளக்கலாம். காற்றில்லாத காலையில், டீசலும் ஐஸும் வலையும் ஏற்றி, கயிறுகளைத் தளர்த்திவிட்டு, ஒரு பக்க விளிம்பை அழுத்தி அழுத்தி ஆட்டுங்கள். நன்றாக ஆடத் தொடங்கியதும் கையை எடுத்துவிட்டு, ஒரு பக்கம் சாய்ந்து மறுபக்கம் போய்த் திரும்ப அதே பக்கம் வருவதை ஒன்று என்று ஐந்து எண்ணி, நேரத்தை ஐந்தால் வகுங்கள். வரும் விநாடி, போட்டின் அகலத்தை மீற்றரில் சொன்னால் வரும் எண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும், 2.4 மீற்றர் அகலத்துக்கு 2.4 விநாடிக்குள். சர்வதேச கடல்சார் அமைப்பு சிறு கலங்களுக்குச் சொல்லும் தோராயமான சோதனை இது. மெதுவாக, சுகமாக ஆடுகிற போட்தான் ஆபத்தான போட். வேலைக்கு முன்னும் பின்னும் அளந்து, விநாடி கூடியிருந்தால் மேலே பாரம் ஏறிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம்.

காலத்தைப் பொறுத்தவரை, ஆகக் காய்ந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும், ஆனால் மேற்குக் கரையில் தொழில் நன்றாக இருப்பதும் அப்போதுதான். எனவே கடல் குழம்பியிருக்கும் ஜூலை, ஆகஸ்டில் தகரக் கூரையோ கெட்டித் தார்ப்பாயோ போட்டுச் செய்யுங்கள். பலகை வைக்குமுன் பழைய ஃபைபர் காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பொலித்தீன் துண்டை நாலு பக்கமும் நாடா போட்டு ஒட்டி ஒரு இரவு விடுங்கள். காலையில் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. எஞ்சினோ நீளமோ மாறுகிற வேலை எதுவும் இருந்தால் முன்கூட்டியே கடற்றொழில் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

தண்ணீரில் இறக்குமுன், சாமான்கள் எல்லாம் பூட்டிய பிறகு, டெக்கின் துவாரங்களை அடைத்து ஹோஸால் தண்ணீர் விட்டுக் கீழே டோர்ச்சோடு ஒருவர் படுத்துப் பார்க்கட்டும். பெட்டிக்குள்ளும் தண்ணீர் விடுங்கள், ஆனால் மூன்று நாலு அங்குலத்துக்கு மேல் வேண்டாம். கரையில் முட்டில் நிற்கும் போட்டுக்குள் முழுப் பெட்டி தண்ணீர் என்றால் இரண்டு தொன்னுக்கு மேல், உடம்பே பிளந்துவிடும். தண்ணீர் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, மூடியை மூடி, மறுநாள் வந்து பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் பாஸுக்கு மீதிக் காசைக் கொடுக்காதீர்கள்.